அறுத்த ஸ்பிரிங்

போன மாதம் தம்பி மகன் பரவைக்குக் கார் கொண்டுவந்தான். பந்தயக் கார் போலத் தரையை ஒட்டி நின்றது. "பெரியப்பா, திண்டுக்கல் ரோட்டு வளைவுல பின்பக்கம் துள்ளி, வண்டி விலகிப் போயிருச்சு. அம்மா உள்ள இருந்தாங்க" என்றான். முகம் வெளுத்திருந்தது.

டயர்தான் காரணம் என்று புது டயருக்கு விலை கேட்டிருந்தான். பணிமனையில் முப்பது வருஷம் இருந்தவன் நான். பார்க்காமல் எதையும் மாற்றவிட மாட்டேன். காற்று சரியாக இருந்தது. முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் வழுக்கை. வண்டியைத் தாழ்த்தினால் சக்கரத்தின் சாய்வு மாறும். அதற்குப் பிறகு அலைன்மென்ட் பார்க்கவே இல்லை.

அடுத்து, பின் ஷாக் அப்சார்பர் தண்டின் அடியில் நூலை இறுக்கிக் கட்டி, காய்கறி மார்க்கெட் வரை ஓட்டிவரச் சொன்னேன். திரும்பியபோது நூல் மேலே தடுப்பு ரப்பர் வரை ஏறியிருந்தது. ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை அறுத்திருக்கிறார்கள்! அழுந்த இடமில்லை. வளைவில் ஒரு மேடு வந்தால் ரப்பரில் இடித்து, சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் துள்ளும்.

பந்தயக் காரும் தாழ்வுதான். ஆனால் அதன் ஸ்பிரிங்கும் ஷாக்கும் அந்த உயரத்துக்கென்றே பொருத்தியவை. அந்தக் காலத்தில் பந்தயம் நடந்த சோழவரம், பழைய விமான ஓடுதளம். நம்ம ரோடு அப்படியா?

முழு ஸ்பிரிங் மாட்டி, அலைன்மென்டும் பார்த்தாயிற்று. வண்டி இப்போது ஒழுங்காகப் போகிறது. அவன் அம்மாதான் இன்னும் கைப்பிடியை விடுவதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காரைத் தாழ்த்தியிருந்தால், ஒருமுறை குனிந்து பாருங்கள் நண்பர்களே.