நகையும் அடியும்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, அன்பர்கள் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்தபோது ஒரு வாதம் மூண்டது. "தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டவே கூடாது, ஒரே அடிதடி, அதில் நகைச்சுவை எங்கே இருக்கிறது?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். சிலர் ஆம் என்றனர், சிலர் மறுத்தனர். நாம் வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னர்க் கூறுவோம்.

நம் இல்லத்தில் மாலைதோறும் ஓடுவது டாம் அண்டு ஜெர்ரி. கரக்பூர் இரயில்வே குடியிருப்பில் வாழும் நம் போன்றோர்க்கு அப்படத்தின் அருமை தனி. நம் அன்னையார் திருநெல்வேலிச் சீமையை விட்டு இங்கு வந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. இந்தியும் வங்காளமும் இன்னும் அவர் காதில் ஏறவில்லை. பக்கத்து வீட்டு வங்காளிக் குழந்தைகளுக்குத் தமிழ் தெரியாது. எதிர் வீட்டுச் சிறுவனோ தெலுங்கன். இவர்கள் அனைவரும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே நொடியில் சிரிப்பது இந்தப் பூனைக்கும் எலிக்கும் மட்டுமே. படத்தில் பேச்சு மிகக் குறைவு. ஓட்டமும் அடியும் இசையுமே அங்கு மொழி.

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா என்னும் இருவர் அமெரிக்காவில் எம்.ஜி.எம். நிறுவனத்திற்காக 1940 முதல் 1958 வரை இவ்வரிசையில் 114 சிறு படங்களை உருவாக்கினர். அவற்றுள் ஏழு ஆஸ்கார் பரிசு பெற்றன. அடிபட்ட பூனை அலறுகின்றதே, அவ்வலறல் ஹன்னாவின் சொந்தக் குரல்! 1940இல் வெளிவந்த முதல் படத்தை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். இனி ஒரு பொருள் உடைந்தாலும் வீட்டை விட்டு வெளியேற்றிவிடுவதாகப் பூனைக்கு எச்சரிக்கை. எலி அதைக் கேட்டுவிடுகிறது. உடனே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை விளிம்பில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாய்ந்து வந்த பூனை அப்படியே உறைந்து போகிறது. அங்கே அடியே இல்லை. ஆயினும் நம் அன்னையார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்றார். அடியை அவர் அவ்விடத்தில் வைக்கவில்லை. உறுப்பறுத்தல், அலைத்தல், கொல்லுதல் ஆகியவற்றை அவர் வைத்த இடம் வெகுளி. அப்படியானால் பூனையின் தலையில் இரும்புச் சட்டி விழும்போது நாம் சிரிப்பானேன்? சட்டிக்காகச் சிரிக்கவில்லை என்பதே நம் கருத்து. எலிக்குப் பொறி வைத்து, தானே விரலை விட்டுக்கொள்ளும் பேதைமைக்காகச் சிரிக்கிறோம். அடி அப்பேதைமைக்கு இடும் முற்றுப்புள்ளி. வாக்கியமே இல்லாத இடத்தில் புள்ளி மட்டும் வைத்தால் என்ன பயன்?

அப்படி வைத்தும் பார்த்திருக்கிறார்கள். 1961, 1962ஆம் ஆண்டுகளில் ஜீன் டைட்ச் என்பவர் பிராக் நகரில் இவ்வரிசையில் 13 படங்கள் எடுத்தார். சிலவற்றில் பருத்த மனிதன் ஒருவன் பூனைக்கு எசமானனாக வருகிறான். அவன் சினந்து சிவந்து அடிக்கும் அடியில் வலி தெரிகிறது. நம் வீட்டுப் பாயில் அப்போது ஓசையே இல்லை. "போதும், மாத்து" என்றார் அன்னையார்.

அடியை அறவே நீக்கியும் பார்த்தார்கள். 1975இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்த தொடரில் வன்முறை கூடாது என்னும் கட்டுப்பாட்டுக்காகப் பூனையும் எலியும் நண்பர்கள் ஆயினர். எலியின் கழுத்தில் சிவப்பு வில் முடிச்சு வேறு. இருவரும் சேர்ந்து ஊர் சுற்றினர். பகை போயிற்று, அதனோடு சூழ்ச்சியும், சூழ்ச்சி கவிழும் வேடிக்கையும் போயின. குழந்தைகள் கொட்டாவி விட்டனர்.

எள்ளல் பற்றியும் ஒரு சொல். சில பழைய படங்களில் வெடி வெடித்து முகம் கருகியதும், அதைக் கறுப்பின மக்களை ஏளனம் செய்யும் உருவமாக மாற்றிக் காட்டினர். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் அவற்றை வெட்டினர். சட்டியால் பட்ட அடி மறு நொடியில் மறைந்துவிடும், இது மறையாது. 'மதராசி' என்னும் சொல்லை ஒரு மாதிரியான குரலில் கேட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிற்க. நாம் கூட்டத்தில் வாய் மூடியிருந்த காரணத்திற்கு வருவோம்.

இரண்டு திங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, ஏழு வயதான நம் மகன் நான்கு வயதுத் தங்கையின் தலையில் சப்பாத்திக் கட்டையால் ஓங்கி அடித்துவிட்டான். அலறல் கேட்டு ஓடினோம். அவன் தப்பி ஓடவில்லை. தங்கையின் தலையில் எழுந்த வீக்கத்தை உள்ளங்கையால் கீழே அமுக்கிக்கொண்டிருந்தான். படத்தில் அப்படி அமுக்கினால் உள்ளே போய்விடும் அன்றோ? அவன் விரல்களுக்கிடையே இரத்தம் வந்தது. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

மருத்துவமனையில் இரண்டு தையல் போட்டார்கள். வீடு திரும்பியதும் நாம் பெல்ட்டைக் கழற்றினோம். எத்தனை அடி என்று எண்ணவில்லை. அன்னையார் வந்து கையைப் பிடித்தார்.

"அவன் பூனையைப் பாத்து அடிச்சான்னு சொல்லுத. நீ எதைப் பாத்துல அடிச்செ?"

நாம் மறுமொழி கூறவில்லை. நம் தந்தையார் எந்தப் படமும் பார்த்தவர் அல்லர். அது அன்னையாருக்கும் தெரியும்.

ஒரு வாரம் தொலைக்காட்சியை மூடி வைத்தோம். பிறகு திறந்தபோது வந்தது 1949ஆம் ஆண்டுப் படமான ஹெவன்லி புஸ். பியானோவில் நசுங்கி இறந்த பூனை வானுலகம் செல்கிறது. அங்கே சொர்க்கத்திற்கு ஒரு விரைவு இரயில்! வாயிலில் கணக்குப் பார்த்து அனுமதிக்கும் ஓர் அலுவலர், நம் இனத்தவர்தாம். எலியைத் துன்புறுத்தியவனுக்கு இடமில்லை. ஒரு மணி நேரத்திற்குள் எலியிடம் மன்னிப்புச் சான்றிதழில் கையொப்பம் வாங்கி வந்தால் ஏறலாம் என்கிறார். வரிசையில் ஓர் ஈரச் சாக்கும் வருகிறது. அதனுள்ளிருந்து மூன்று குட்டிகள் வெளிவருகின்றன. யாரோ நீரில் அமிழ்த்திக் கொன்றவை. அங்கே எவரும் சிரிக்கவில்லை. டாமுக்கு நேர்ந்ததெல்லாம் கனவாகவே முடிகிறது; அவன் விழித்தெழுந்து எலியைக் கட்டி முத்தமிடுகிறான்.

"அந்தக் குட்டிகளும் எழுந்துவிட்டனவா, அப்பா?" என்று மகன் கேட்டான்.

"இல்லை" என்றோம்.

மறுநாள் அவன் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஏதோ எழுதித் தங்கையிடம் நீட்டினான். எழுத்தறியாத அவள் சிவப்புப் பென்சிலால் அதில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தாள். அத்தாளை அவன் புத்தகப் பையில் வைத்திருக்கிறான். நாம் இன்னும் அவனிடம் எந்தத் தாளையும் நீட்டவில்லை.