விழாத வாத்து

பெட்டியின் மேல் '9,99,999 இன் 1' என்று போட்டிருந்தால் வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விளையாட்டுக்கு ஒரே நிமிடம் என்று வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் தூங்காமல் ஆடினால்கூட 694 நாள் ஆகும். பழைய மரியோ விளையாட்டு மொத்தமே 40 கிலோபைட்தான். அந்த அளவில் பத்து லட்சம் என்றால் 40 கிகாபைட். உள்ளங்கை அகல மஞ்சள் கேசட்டில், அதுவும் டிவி, வயர், ரெண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி என்று படம் போட்ட 850 ரூபாய்ப் பெட்டியில், யார் தருவார்கள்?

அம்மா மண்டபம் ரோட்டில் எங்கள் மாடி ஃப்ளாட்டில் இருக்கும் பையன் இந்தக் கணக்கைப் போடவில்லை. பதினோரு வயசு. 2023 மே லீவில், பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் பெரியவர்கள் கொடுத்ததைச் சேர்த்துவைத்து, அப்பாவோடு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் திருச்சி டவுனுக்குப் போய், மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கிவந்தான். சொந்தக் காசு. அதை முக்கியமாகச் சொல்லிக்கொண்டான்.

இந்த வகைப் பெட்டிக்குள் இருப்பது 1983-ல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ ஃபேமிகாமின் நகல். வேலை செய்ய 2 கிலோபைட் நினைவகம், அவ்வளவே. 90-களில் 'மீடியா' என்றெல்லாம் வந்த நகல்களில் உங்களில் பலர் லீவைத் தொலைத்திருப்பீர்கள்.

முதல் நாள் சாயங்காலமே பையன் ஒரு நோட்டில் விளையாட்டுப் பெயர்களை எழுத ஆரம்பித்துவிட்டான். 48-க்கு மேல் புதுசாக ஒன்றும் இல்லை. 49-வது, பழைய மரியோவே வேறு பெயரில் இரண்டாவது கட்டத்திலிருந்து ஆரம்பித்தது. மெனுவில் எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம். எல்லாம் அதே புரோகிராமுக்குத்தான் போகும், ஆரம்ப எண் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு. இதைக்கூட அவன் மன்னித்துவிட்டான். மன்னிக்க முடியாமல் போனது துப்பாக்கி.

வாத்து சுடும் விளையாட்டு தெரியுமல்லவா? புல்லிலிருந்து வாத்து பறக்கும். தவறவிட்டால் ஒரு நாய் எழுந்து நின்று சிரிக்கும். இரண்டு நாள் அந்த நாய் சிரித்துக்கொண்டே இருந்தது. நாலடி தள்ளி நின்று சுட்டான். ஓரடியில் நின்று சுட்டான். கடைசியில் முனையை டிவி மேலேயே வைத்துச் சுட்டான். வாத்து விழவில்லை. "ரெண்டே நாள்ல உடைச்சுட்டியேடா" என்றாள் பாட்டி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

மூன்றாம் நாள், எனக்கு என்.எஸ்.பி. ரோடில் வேலை இருந்ததால், பெட்டியோடு அவனும் வந்தான். கடைக்காரர் அலட்டிக்கொள்ளாமல் மூலையில் இருந்த பழைய குண்டு டிவியில் சொருகினார். முதல் தோட்டாவில் வாத்து விழுந்தது. பையனிடம் கொடுத்தார். அவன் சுட்டதும் விழுந்தது. "கன் சூப்பரா இருக்கு சார். உங்க வீட்டு டிவிதான் சரியில்ல." வீட்டுக்கு வந்து நாற்பது இன்ச் எல்.இ.டி. முன்னால் சுட்டான். நாய் சிரித்தது.

கடைக்காரர் சொன்னது நிஜம் என்பதுதான் வேடிக்கை. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. முனையில் ஒரு லென்ஸ், பின்னால் ஒளியை உணரும் டயோடு, அவ்வளவுதான். நீங்கள் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்தான், நமக்கு ஒரு சிமிட்டல் போலத் தெரியும். கறுப்புக்குப் பின் வெள்ளையைப் பார்த்தால் வாத்து காலி. இரண்டு வாத்து என்றால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சதுரம். 1984-ல் 'டக் ஹன்ட்' வந்தபோது இருந்ததெல்லாம் குண்டு டிவி. அதில் எலெக்ட்ரான் கற்றை நொடிக்கு 15,625 வரி எழுதும். சிக்னல் வந்த மாத்திரத்தில் வெளிச்சம். எல்.இ.டி. டிவி அப்படியில்லை. வந்த படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பெரிதாக்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். அதற்குள் துப்பாக்கி 'வெள்ளை தெரியலை' என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டிருக்கும்.

கடைக்காரருக்கு இது தெரியுமா? தெரியாமலா ஒருத்தர் அந்தக் குண்டு டிவியை இத்தனை வருஷம் மூலையில் வைத்துக் காப்பாற்றுவார்!

2007-ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகள் சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போனபோது, அவர்கள் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். இங்கே வாரண்டி கடை வாசற்படி வரை. ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை என்று 2020-ம் வருட விதி சொல்கிறது. ஆனால் பில் வேண்டுமே? கையிலிருந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு.

விஷயத்தைப் பையனுக்குச் சொன்னேன். "அப்ப நான் உடைக்கலைதானே மாமா?" என்றான். அதைத்தான் கேட்டான், காசைப் பற்றிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினான்.

எங்கள் வாட்ச்மேன் அறையில் 2006-க்குப் பிறகு அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவி இருக்கிறது. 2011-ல் ஆட்சி மாறி, இலவசம் மிக்ஸி, கிரைண்டர் என்று ஆனபின்னும் அந்தக் குண்டு டிவிகள் பல வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. "இதுல வருமா தம்பி?" என்று அவர் செட்டாப் பாக்ஸ் வயரைப் பிடுங்கி இடம் கொடுத்தார். மூன்று வாத்து, மூன்று தோட்டா.

உடனே மாடி ஏறிப் போய்ப் பாட்டியைக் கையைப் பிடித்து, முழங்கால் வலியையும் பார்க்காமல், ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிவந்தான். நாற்காலி போட்டு உட்காரவைத்து, சுட்டுக் காட்டினான்.

"பாத்தியா, நான் உடைக்கலை."

பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். "உடைக்கலைடா கண்ணா. ஆனா அந்த வாத்து உன்னை என்ன பண்ணித்து?"