ஓடாத வீராவுக்கு என்ன விலை?

“ஓடுதா ஓடலையான்னு நான் கேக்கலக்கா. கெரான் கையில இருக்கா?”

லாபுவில் பழைய காடிகளைப் பிரித்து விற்கும் பட்டறையில் விலைப் பேச்சுக்கு முன்னால் வரும் கேள்வி இது; கெரான் என்றால் காடியின் பதிவுப் பத்திரம். என்னோடு வந்த அக்கா தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது நீலாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அவருடைய புரோட்டோன் வீரா, தண்ணீர் கொதித்து ஹெட் கேஸ்கட் போய், வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. போமன் சொன்ன பழுதுச் செலவுக்கு இன்னொரு பழைய காடியே வாங்கிவிடலாம். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் வேறு. பதிலுக்கு அக்கா கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்தார். நகை அடகுச் சீட்டுக்குப் பக்கத்தில் கெரானை மடித்து வைத்திருந்தார்.

லாபுவில் காடி இல்லாமல் காலம் தள்ளுவது எளிதல்ல. கம்யூட்டர் ரயில் நிற்கிறது, உண்மைதான். ஆனால் தோட்டத்து உள்பாதையிலிருந்து நிலையத்துக்கு வந்து சேர்வது யார் பாடு? 2008 கடைசியில் இங்கே ஒரு விமான நிலையமே கட்டப்போவதாகத் திட்டம் வந்தது. 2009 ஜனவரியில் கைவிட்டார்கள். விமானம் வந்திருந்தாலும் லயத்து வாசலுக்கு பஸ் வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

பட்டறையின் தவுக்கே சீனர். விலை சொல்வது அவர்தான் என்றாலும், காடியைப் பார்த்துக் கணக்குச் சொல்வது வெட்டுகிறவர். இவரும் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால்மரம் வெட்டினார், நான் காடி வெட்டுறேன் என்று சொல்லிச் சிரித்தார். பானெட்டை உடனே திறக்கவில்லை. முதலில் குனிந்து கதவுக்குக் கீழே உள்ள விளிம்பை விரலால் சுரண்டினார், துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்க்க. பிறகு நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார். இடித்து நிமிர்த்திய காடியின் கதவு சரியாகப் பொருந்தாதாம். விளக்குக் கண்ணாடி மஞ்சளாகிவிட்டதா, டேஷ்போர்டு வெடித்திருக்கிறதா, சீட்டு கிழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எண்ணெய்க் கம்பியை இழுத்தார். எண்ணெய் பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. “ஹெட்டு போச்சு. கியர்பாக்ஸ் நல்லாருக்கும், ஆல்டர்னேட்டரும் நல்லாருக்கும்,” என்றார், தவுக்கேயைப் பார்த்து.

அக்கா பார்த்தது செத்துப்போன ஒரு காடி. அவர் பார்த்தது விற்கக்கூடிய முப்பது நாற்பது சாமான்.

பிரிக்கும் வேலையைப் பக்கத்து மேடையில் ஒரு கஞ்சில் காடியில் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியை இறக்கி வெகுதூரம் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறார்கள். கேஸ் வெட்டு நெருப்புக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் கதை முடிந்தது. எண்ணெயை வடித்து டிரம்மில் பிடிக்க வேண்டும். பழைய எண்ணெயும் ஈய பேட்டரியும் 2005 சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவுகள். கால்வாயில் ஊற்றினால் குற்றம். அதன்பின் கதவு, பம்பர், விளக்கு. ஒயர் கட்டை அறுக்காமல் கிளிப்பு கிளிப்பாகக் கழற்றுகிறார்கள், முழுதாக இருந்தால் சாமான், அறுந்தால் வெறும் செம்பு. எஞ்சினைச் சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு வெளியே எடுக்கிறார்கள். நெருப்பு வருவது கடைசியில், எதுவும் மிச்சமில்லாத கூட்டை வெட்ட. இந்தத் தொழிலில் திறமை வெட்டுவதில் இல்லை, வெட்டாமல் கழற்றுவதில்தான்.

பட்டறை மூலையில் ஒரு ஐரோப்பிய சொகுசுக் காடி கிடந்தது. தோல் சீட்டு, மர வேலைப்பாடு, சக்கரத்தைச் சுற்றிப் புல். ஏன் தொடவில்லை என்று கேட்டேன். “சாமான் கேட்டு யாரு வர்றா? இதை வச்சிருக்கிற ஆளு பழைய சாமான் போட மாட்டான்,” என்றார்.

அங்கேதான் எனக்குக் கணக்கு புரிந்தது. ஓடாத காடியின் விலையை அதன் பழைய பெருமை முடிவு செய்வதில்லை. அதே ஜாதிக் காடியை இன்னும் எத்தனை ஏழைகள் ஓட்டுகிறார்கள் என்பதுதான் முடிவு செய்கிறது. முதல் சாகா 1985 ஜூலையில் வந்தது. பழைய சாகா, இஸ்வாரா, 1993இல் வந்த வீரா என இவற்றில் பெரும்பாலும் மிட்சுபிஷியின் 4ஜி எஞ்சின் வரிசைதான் ஓடியது. ஒன்றின் சாமான் இன்னொன்றுக்குப் பொருந்துவது நிறைய. 1994இல் வந்த கஞ்சிலுக்கு ஆண்டுச் சாலை வரி வெறும் 20 வெள்ளி. அதை விட மனம் வருமா? வீரா 1.5க்கு 90 வெள்ளி. இவற்றைத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இன்னும் ஓட்டுகிறார்கள். அதனால் இவை செத்தாலும் விலைபோகின்றன.

2009இல் அரசாங்கம் பத்து வயது தாண்டிய காடியை ஒப்படைத்தால் 5,000 வெள்ளி தருவதாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல தொகைதான். ஆனால் கையோடு புதிய புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்க வேண்டும். புதுக் காடிக்குத் தவணை கட்டத் தெம்புள்ளவர் பழையதை ஏன் கட்டி அழுகிறார்? அதே ஆண்டு, பதினைந்து வயதுக் காடிகளுக்குக் கட்டாயச் சோதனை என்று அறிவித்து, மக்கள் கூச்சல் போட்டதும் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கூச்சலில் நம் ஆட்களின் குரலும் கணிசமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, கெரான். ஓடும் காடியாக விற்றால் பெயர் மாற்றத்துக்கு வாகனச் சோதனை வேண்டும். ஓடாத காடியைச் சோதனைக்குத் தயாராக்குவதே தனிச் செலவு. வெட்டக் கொடுத்தால் அது வேண்டாம், ஆனால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிவை ரத்து செய்தாக வேண்டும். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் நடக்காது. அவசரத்துக்குக் காசை வாங்கிக்கொண்டு இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. காடி போய்விடும், பெயர் போகாது. அந்த எண் தகட்டை மாட்டிக்கொண்டு எவனோ எங்கோ சிவப்பு விளக்கைத் தாண்டினால் சம்மன் இவர்கள் வீட்டுக்கு வரும். வெட்டுகிறவர் இதை அக்காவுக்கு இரண்டு தடவை சொன்னார். ரத்துத் தாளின் நகல் கைக்கு வரும்வரை விடாதீங்க என்றார்.

தவுக்கே தொள்ளாயிரத்தில் ஆரம்பித்தார். அக்கா ஆயிரத்து ஐந்நூறு கேட்டார். பேட்டரி புதிது, முன் டயர் இரண்டும் போன தீபாவளிக்கு மாற்றியது என்று சொன்னதும் சற்று ஏறியது. ரேடியோவை அக்காவின் தம்பி முன்கூட்டியே கழற்றிவிட்டார் என்று தெரிந்ததும் இறங்கியது. ரேடியோவுக்கு வெளியே கிடைக்கும் காசைவிட இங்கே குறைத்தது அதிகம். விற்கப்போகும் காடியில் கை வைக்காமல் இருப்பதே லாபம். ஆயிரத்து நூறில் முடிந்தது. வீட்டு வாசலிலிருந்து காடியை இங்கே இழுத்துவந்த லோரிக் கூலி தவுக்கேயுடையது.

காசை எண்ணி வாங்கிக் கிளம்பியபோது வெட்டுகிறவர் கூப்பிட்டார்.

“இன்சூரன்ஸ் எப்ப முடியுதுக்கா?”

“இன்னும் ஏழு மாசம் இருக்கு, தம்பி.”

“ரத்து ஆனதும் அந்தத் தாளை எடுத்துக்கிட்டு இன்சூரன்ஸ் ஆபிசுக்குப் போங்க. மிச்ச மாசத்துக்குக் காசு திரும்ப வரும். என்சிடி எவ்வளவு?”

அக்காவுக்குத் தெரியவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் எந்தக் கிளெய்மும் கேட்டதில்லை என்றார். அப்படியானால் என்சிடி, அதாவது கிளெய்ம் கேட்காதவருக்கான தள்ளுபடி, 55 விழுக்காடு. அது காடிக்கு உரியதல்ல, அவர் பெயருக்கு உரியது. அடுத்து வாங்கும் காடிக்கு மாற்றிக்கொள்ளலாம். “அடுத்ததும் கஞ்சில், வீரா மாதிரி பாத்து வாங்குங்க. சாமான் எங்கிட்ட இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார்.