டேய் நில்லுடா, நான் கீழ இருக்கேன்

நீளமான பதிவு மக்களே. நேரம் இருக்கும்போது படிங்க. நடுவுல கொஞ்சம் மருத்துவமும் வரும்.

கச்சிராயபாளையத்துல எங்க அண்ணன் வீட்டு டிவிக்குப் பக்கத்துல ஒரு அட்டைப்பெட்டி இருக்கு. மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கின காலிப் பெட்டி. ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து நிறுத்தி வச்சிருக்கோம். உள்ள எட்டிப் பார்த்தா ஒரு அருவி. நீலத்துல மூணு ஷேடு சார்ட் பேப்பரை பட்டை பட்டையா வெட்டி ஒட்டினது. அதுக்கு முன்னாடி பழுப்புக் கலர்ல பாறைத் திட்டுகள், படிப்படியா மேல போகும். ஒரு திட்டுல நீலப் பேன்ட் போட்ட ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கிறான்.

போன வாரம் வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருத்தர், "பெரியார் அருவியா? அப்படியே இருக்கே"ன்னார். கல்வராயன் மலை அடிவாரத்துல உட்கார்ந்துக்கிட்டு அப்படிக் கேக்குறது தப்பே இல்லை. ஆனா அது நம்ம மலை அருவி இல்லை.

கான்ட்ரா. மூணாவது ஸ்டேஜ்.

90கள்ல வளர்ந்தவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. மத்தவங்களுக்காகச் சொல்றேன். டிவியில சொருகி விளையாடுற கேம் மெஷின் ஒண்ணு அப்போ ஊரெல்லாம் இருந்தது. ஜப்பான்ல நின்டெண்டோ கம்பெனி 1983ல விட்ட மெஷினோட டூப்ளிகேட். கேசட்ல 9999 கேம்னு போட்டிருக்கும், உள்ள அதிகபட்சம் இருபது முப்பது தேறும். மாரியோ, வாத்து சுடுறது, டாங்க், கான்ட்ரா. எங்க வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தது அண்ணன். எனக்கும் அவருக்கும் ஆறு வயசு வித்தியாசம். பத்தாவதோட நிறுத்திட்டு பைக் பட்டறையில வேலைக்குச் சேர்ந்திருந்தார். சேர்த்து வச்ச காசுல கள்ளக்குறிச்சி போய் வாங்கிட்டு வந்தார். அம்மா திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு.

முதல் பேடு எப்பவும் அண்ணன்கிட்ட. ஸ்டார்ட் பட்டன் அதுல மட்டும்தான் இருக்கும். ரெண்டாவது பேடு எனக்கு. கான்ட்ராவுல முதல் ஆள் நீலப் பேன்ட், ரெண்டாவது ஆள் சிவப்பு.

அந்த மூணாவது ஸ்டேஜ்ல ஒரு விஷயம் உண்டு. மத்த ஸ்டேஜ் மாதிரி பக்கவாட்டுல ஓட முடியாது, அருவியில பாறைக்குப் பாறை தாவி மேல ஏறணும். ரெண்டு பேர்ல ஒருத்தன் மேல ஏறினா திரையும் அவனோட மேல போகும். கீழ இருக்கிறவன் திரைக்கு வெளிய விழுந்தா செத்தான். எதிரி யாரும் சுட வேண்டாம். கூட வந்தவன் வேகமா ஏறினாலே போதும்.

நான் வேகமா ஏறுவேன்.

"டேய் நில்லுடா, நான் கீழ இருக்கேன்"னு அண்ணன் கத்துவார். காதுல விழும். நிக்க மாட்டேன்.

சரி, இப்போ மருத்துவம்.

சில மாசத்துக்கு முன்னாடி, ஒரு காலையில அண்ணன் எழுந்திருக்கும்போது வலது கை வரலை. பேச்சு குழறுது. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு. அண்ணி எனக்குப் போன் பண்ணினப்போ நான் நைட் டூட்டி முடிச்சு போனை சைலன்ட்ல போட்டுத் தூங்கிட்டிருந்தேன். பக்கத்து வீட்டுல யாரோ வாயுப் பிடிப்புன்னு சொல்லியிருக்காங்க. அண்ணி கேக்கலை. 108க்கு அடிச்சுட்டாங்க. அந்தப் புத்திக்கு நான் அவங்களுக்குக் கடன்பட்டிருக்கேன்.

மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சு வர்ற பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு. பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அந்த நாலரை மணி எப்போ ஆரம்பிக்குது தெரியுமா? நீங்க கவனிச்ச நேரத்துல இருந்து இல்லை. அவர் கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்து. அண்ணன் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவர், ஆறு மணிக்கு எழுந்திருக்கும்போது கை இல்லை. ஊசி போட முடியலை. அதனாலதான் எந்த டாக்டரும் முதல்ல "கடைசியா எப்போ நல்லா பார்த்தீங்க"ன்னு கேப்பாங்க. அதுக்குச் சரியான பதில் சொல்லப் பழகிக்கோங்க. முகம் கோணுது, கை தூக்க முடியலை, பேச்சு குழறுதுன்னா நேரத்தைக் குறிச்சுக்கிட்டுக் கிளம்புங்க. புறா ரத்தம் தேய்க்கிற ஆளைத் தேடிப் போகாதீங்க. எங்க வீட்டுக்கே ஒருத்தர் அந்த யோசனையோட வந்தார். டாக்டர் வீட்டுக்கு!

ஆஸ்பத்திரியில அண்ணனுக்கு பிபி பார்த்தாங்க. 190க்கு 110. வயசு 41.

நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறவன். ஓபியில ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு பிபி பட்டை சுத்துறேன்னு எனக்கே கணக்கு கிடையாது. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல இருந்து வீட்டுக்கு வீடு போய் பிபி பார்க்கிறாங்க. அவங்க வந்தப்போ அண்ணன் பட்டறையில இருந்திருக்கார். பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்தப்போ, "ரெண்டு மாசமா பின்மண்டை வலிக்குதுடா"ன்னார். நான் சட்டைப்பையில இருந்து ஒரு பாராசிட்டமால் எடுத்துக் கொடுத்தேன். பிபி மெஷின் கார்ல இருந்தது. கார் வாசல்ல நின்னது.

இதை எழுதாம இந்தப் பதிவை எழுத முடியாது. அதான் எழுதிட்டேன்.

உயிருக்கு ஆபத்து இல்லை. நடை சீக்கிரமே திரும்பிடுச்சு, பேச்சும் ஓரளவுக்கு. கைதான் பிரச்சினை. தோள் தூக்க வருது, முழங்கை மடங்குது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொருளைப் பிடிக்கிற அந்தச் சின்ன வேலை வரலை. ஒரு மெக்கானிக்குக் கை என்பதே அந்த ரெண்டு விரல்தான்.

பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சி எல்லாம் சரியானது. பந்தை அமுக்கணும், கிளிப் மாட்டணும், பட்டாணி பொறுக்கிப் போடணும். அண்ணன் ரெண்டு வாரம் செஞ்சார். அப்புறம் பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளி வச்சுட்டு, "நான் என்ன கோழியா"ன்னார். கோபம் நியாயம்தான். ஆனா முதல் சில மாசம்தான் மூளை அதிகமா வழிவிடுற காலம். அது போனா திரும்ப வராது. அடைபட்ட பாதைக்குப் பதிலா மூளை புதுப் பாதை போடணும்னா ஒரே வேலையை நூறு தடவை, ஆயிரம் தடவை செய்யணும். ஆயிரம் தடவை செய்யணும்னா அதுல ஏதாவது ஒரு ஆசை இருக்கணும்.

பரண்ல இருந்த பழைய மெஷினை இறக்கலாமான்னு யோசிச்சேன். ஒயர் எல்லாம் எலி கடிச்சிருந்தது. அப்போ படிச்ச ஒரு ஆராய்ச்சி ஞாபகம் வந்தது. கனடாக்காரங்க தலைமையில 141 பக்கவாத நோயாளிகளை வச்சு செஞ்சது, 2016ல லான்செட் நியூராலஜியில வந்தது. பாதிப் பேருக்கு நின்டெண்டோ வீ வீடியோ கேம். மீதிப் பேருக்குச் சீட்டு, பிங்கோ, கட்டை அடுக்குற ஜெங்கா, பந்து. ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு குழுவுமே தேறியிருந்தாங்க, வித்தியாசம் இல்லை. சீட்டுக்கட்டும் வீடியோ கேமும் சமம். இதுல ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? நின்டெண்டோ 1889ல கியோட்டோவுல ஆரம்பிச்சப்போ தயாரிச்சதே சீட்டுக்கட்டுதான். காகிதத்துல பூப்படம் போட்ட ஜப்பான் சீட்டு.

அப்போ காகிதமே போதும்னு தோணுச்சு.

பழைய கேம் காட்சிகளைக் காகிதத்துல வெட்டி, பெட்டிக்குள்ள அடுக்கடுக்கா நிறுத்தி வைக்கிறது உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்கு. டயோரமான்னு பேரு. புரியலைன்னா கொலுப் படிக்குக் கீழ பார்க் வைப்பாங்களே, அதை நினைச்சுக்கோங்க. ஜப்பான்ல எடோ காலத்துலயே அச்சடிச்ச தாளை வெட்டி நாடகக் காட்சியா நிறுத்துற ததேபாங்கோங்கிற கலை இருந்திருக்கு. ஆக நாங்க ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கலை.

முதல்ல மாரியோ. 1985ல வந்த அந்தக் கேம்ல சின்ன மாரியோ 12 கட்டம் அகலம், 16 கட்டம் உயரம், அவ்வளவுதான். மூணே கலர். முடி வரையக் கட்டம் போதாதுன்னு தொப்பி, வாய் வரைய முடியாதுன்னு மீசை. அதை உருவாக்கின மியாமோட்டோவே சொன்னது இது. கட்டம் போட்ட தாள்ல ஒரு கட்டத்தை ஒரு சென்டிமீட்டரா வச்சு வரைஞ்சேன். 16 சென்டிமீட்டர் மாரியோ.

இதுல நான் எதிர்பார்க்காத ஒண்ணு நடந்தது. அந்தக் கால மெஷினுக்குச் சக்தி கம்மி, அதனால படம் எல்லாம் கட்டம் கட்டமா இருக்கும். வளைவே கிடையாது. நேரா வெட்டு, திருப்பு, நேரா வெட்டு. பலவீனமான கைக்கு வளைவு வெட்டுறதுதான் கஷ்டம். நேர்கோடு கொஞ்சம் கோணினாலும் சரி பண்ணிக்கலாம். மேகத்தையும் புதரையும் ஒரே வடிவத்துல போட்டு, வெள்ளை பச்சைன்னு கலரை மட்டும் மாத்தியிருப்பாங்க. இடம் மிச்சம் பிடிக்க அவங்க செஞ்ச தந்திரம். நாங்களும் ஒரே அச்சை வச்சு ரெண்டையும் வெட்டினோம்.

முதல் மாரியோவுக்கு நாலு நாள் ஆச்சு. இடது கை தாளைப் பிடிக்க, வலது கை கத்தரி. இடது கை கத்தரிக்கு வரக் கூடாது, அதுதான் ஒரே விதி. அண்ணன் பொண்ணு அம்பயர். மீசை கிழிஞ்சுபோச்சு. அண்ணன் கத்தரியை வீசி எறிஞ்சார். மறுநாள் அவரே எடுத்து வச்சிருந்தார்.

செய்யப் போறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. பக்கவாதம் வந்தவங்க பெரும்பாலும் ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை எடுப்பாங்க. வெட்டுப்பட்டா ரத்தம் நிக்க நேரமாகும், கையில உணர்ச்சியும் குறைவா இருக்கலாம். பிளேடு, கட்டர் வேண்டாம். குழந்தைங்க வச்சிருக்கிற மொட்டை முனைக் கத்தரி போதும். அடுத்து, இது விரலைக் கொஞ்சமாவது அசைக்க முடிஞ்சவங்களுக்குத்தான். சுத்தமா அசைவே இல்லாதவங்க கையில கத்தரியைத் திணிச்சு மனசை ஒடிக்காதீங்க. பிசியோதெரபிஸ்ட்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க. பேப்பர் வெட்டினா பக்கவாதம் குணமாகும்னு யாராவது பார்வர்டு பண்ணினீங்கன்னா நான் பொறுப்பில்லை. பிபி மாத்திரை, கொழுப்பு மாத்திரை, பயிற்சி, இதுக்கெல்லாம் மேலதான் இது.

கட்டத்தை அரை சென்டிமீட்டரா குறைச்சோம். மாரியோ எட்டு சென்டிமீட்டருக்கு வந்துட்டான். ஆலை ஓடுற சமயம், வெளிய கரும்பு டிராக்டர் போற சத்தம், உள்ள ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு பேர் தரையில உட்கார்ந்து பேப்பர் வெட்டிக்கிட்டிருப்போம். அண்ணி ஒருநாள், "தம்பி, நீங்க வெட்டுறது அவரு வெட்டுறதைவிடக் கேவலமா இருக்கு"ன்னாங்க. உண்மைதான்.

ஒரு நாள் அடுத்து எந்தக் கேம்னு கேட்டேன். அண்ணன் உடனே சொன்னார். "அருவி."

எனக்குத் தொண்டை அடைச்சுது. 2007ல, நுழைவுத் தேர்வு இல்லாம பிளஸ் டூ மார்க்ல சீட் கொடுத்த வருஷம், எனக்கு எம்பிபிஎஸ் கிடைச்சது. ஹாஸ்டல் மெஸ் பில் மாசாமாசம் பட்டறையில இருந்துதான் வந்தது. அண்ணன் ஒரு தடவைகூட எதையும் சொல்லிக் காட்டினதில்லை. அருவின்னு சொன்னப்போ அவர் என்ன நினைச்சார்னு நான் கேக்கலை. அவர் ஒருவேளை எதுவுமே நினைக்காம இருந்திருக்கலாம். அது அவருக்குப் பிடிச்ச ஸ்டேஜ், அவ்வளவுதானோ என்னவோ.

அருவிக்கு அஞ்சு வாரம். நீலப் பேன்ட்காரனை முழுக்க அவரே வெட்டினார். ஒட்டவும் செஞ்சார். கட்டைவிரல் நகம் வெளுக்க அழுத்திப் பிடிச்சு, பசை காயற வரைக்கும் விடலை. சிவப்புப் பேன்ட் என் வேலை. வெட்டி முடிச்சுட்டு எந்தப் பாறையில ஒட்டணும்னு கேட்டேன். நீலத்துக்குப் பக்கத்துலன்னு சொல்லுவார்னு நினைச்சேன்.

ரெண்டு திட்டு கீழ காட்டினார். "இந்தத் தடவை நீ கீழ கிட."

அண்ணன் பொண்ணு ஏன் சித்தப்பா இப்படிச் சிரிக்கிறீங்கன்னு கேட்டுச்சு.

கை எப்படி இருக்குன்னு கேப்பீங்க. சட்டை பட்டன் போடுறார், மெதுவா. சோறு பிசைஞ்சு சாப்பிடுறார். பட்டறைக்குப் போய் உட்கார்றார், பையன்களுக்கு வேலை சொல்றார். ஸ்பார்க் பிளக்கை விரலால திருகி உட்கார வைக்க இன்னும் வரலை. அது வருமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது, அவர்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். பிபி போன வாரம் 130க்கு 84. இப்போ நான் வீட்டுக்குள்ள நுழையும்போதே மெஷினோடதான் நுழையறேன். அண்ணி, அம்மா, அண்ணன் பொண்ணோட டியூஷன் டீச்சர், யாரையும் விடுறதில்லை.

அருவி இன்னும் முடியலை. உச்சியில ஒரு பாஸ் இருக்கும், ஞாபகம் இருக்கா? சிலை மாதிரி உட்கார்ந்துக்கிட்டு ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சுடும். வர்ற ஞாயித்துக்கிழமை அதுதான் வேலை. இடது கையை என்னை வெட்டச் சொல்லியிருக்கார். வலது கை அவர் பார்த்துக்குறாராம்.