உத்தேசம்: ஒரு சிற்றுண்டிச்சாலையின் இரண்டு கணக்குகள்

தமிழில் 'உத்தேசம்' என்னும் சொல் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. மனத்தில் கொண்ட நோக்கம் ஒன்று; தோராயமான மதிப்பு மற்றொன்று. கன்னடத்தில் இவை பிரிந்து நிற்கின்றன. நோக்கத்திற்கு 'உத்தேச', மதிப்பிற்குப் பாரசீக வழிவந்த 'அந்தாஜு'. பெங்களூரின் தென்பகுதியில் தம் கடையைப் புதுப்பிக்க முனைந்த ஒருவரின் நோட்டுப் புத்தகத்தில், இந்த இரு பொருள்களும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு கிடந்தன. அவர் பேசியது கன்னடம். எழுதியதோ தமிழ்ப் பொருளிலான உத்தேசம்.

அது 'தர்ஷினி' வகைக் கடை. 1980களில் பெங்களூரில் தோன்றிப் பரவிய இவ்வகைக் கடைகளில், முதலில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, தட்டைத் தாமே எடுத்துச் சென்று, உயரமான மேசையருகே நின்றபடி உண்பர். தந்தை தொடங்கிய அந்த 600 சதுர அடிக் கடையை மகன் நடத்திவந்தார். பணியாளர் 14 பேர். எதிர்ச்சாரியில் விளக்கொளியும் பளபளப்புமாகப் புதிய கடையொன்று திறக்கப்பட்டதும் மாலைக் கூட்டம் மெலிந்தது. சேமிப்பும் வங்கிக் கடனுமாக 18 இலட்சம் ரூபாய் திரட்டினார் உரிமையாளர்.

முதல் கணக்கு எளிமையாக இருந்தது. ஜிப்சம் பொய்க்கூரை, விளக்குகள், சுவர்ப் பலகைகள், கிரானைட் முகப்பு என உண்ணும் கூடத்திற்கு 9 இலட்சம். சமையலறைக்கு 3 இலட்சம். மாவரைக்கும் இயந்திரம், மேசைகள் முதலிய தளவாடங்களுக்கு 4 இலட்சம். பெயர்ப்பலகைக்கு 1 இலட்சம், இதர செலவுக்கு 1 இலட்சம். கூட்டினால் சரியாக 18. கையில் உள்ள தொகையும் ஆகப்போகும் செலவும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதே ஐயத்திற்குரியது. விருப்பத்தை எண்ணாக எழுதினால்தான் அப்படிப் பொருந்தும்.

கணக்குப் பார்ப்பவர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். முதலாவது, வரி எங்கே? 5 விழுக்காடு சரக்கு சேவை வரி செலுத்தும் உணவகம், தான் வாங்கும் பொருளுக்கும் வேலைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது; 2017 நவம்பர் 15 முதல் இதுவே விதி. ஆகவே 12 இலட்சம் ரூபாய் ஒப்பந்த வேலைக்குரிய 18 விழுக்காடு, அதாவது 2,16,000 ரூபாய், திரும்பி வராத செலவு. இரண்டாவது, கடை மூடியிருக்கும் நாள்களுக்கு யார் பணம் தருவது? சராசரியாக 700 ரூபாய் வீதம் 14 பேருக்கு நாளொன்றுக்கு 9,800, வாடகை 4,000. இருபது நாள்களுக்கு 2,76,000 ரூபாய். மூன்றாவது, தரையைத் தோண்டும்போது எதிர்பாராதது ஏதேனும் வெளிப்பட்டால்? அதற்கு நோட்டில் ஓர் இடமும் இல்லை. வரியும் மூடிய நாள்களும் மட்டுமே 4,92,000 ரூபாய். திரட்டிய தொகையில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேல்.

கூலியைத் தவிர்க்கும் எளிய வழி அத்தொழிலில் உண்டு. பணியாளரை ஊருக்கு அனுப்பிவிட்டு, திறக்கும்போது வந்தால் போதும் என்று சொல்வது. ஆனால் கூலி நின்ற இடத்தில் எவரும் காத்திருப்பதில்லை. கடையின் தோசையை இருபது ஆண்டுகளாக வார்ப்பவர் வேறு கடைக்குப் போய்விட்டால், எந்தச் சுவர்ப் பலகையும் அந்த இழப்பை ஈடுசெய்யாது. பொய்க்கூரையா, கூலியா என்பதே இறுதியில் எஞ்சிய கேள்வி. பத்து நிமிடம் நின்று உண்டு செல்லும் இடத்தில் அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர் என்று உரிமையாளர் தமக்குள் கேட்டுக்கொண்டார்.

இரண்டாம் கணக்கு இவ்வாறு அமைந்தது. பொய்க்கூரையும் அதன் விளக்குகளும் 2.5 இலட்சம், சுவர்ப் பலகைகள் 1.5 இலட்சம், இவை நீக்கப்பட்டன. ஒப்பந்த வேலை 8 இலட்சம். அதற்கு வரி 1,44,000. பழைய மேசைகளைச் செப்பனிட்டு வைத்துக்கொண்டதால் தளவாடம் 3 இலட்சம். பெயர்ப்பலகை 50,000. மூடிய நாள்கள் 2,76,000. எதிர்பாராச் செலவு 2 இலட்சம். எஞ்சிய 30,000 ரூபாய் குத்தகைப் பத்திரத்திற்கு.

கடைசி வரியே முதலில் செய்யப்பட வேண்டியது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் 11 மாத ஒப்பந்தம் எழுதுவது நாடெங்கும் வழக்கம். அத்தகைய தாளை நம்பிச் சுவரிலும் தரையிலும் இலட்சங்களைப் பதிப்பது, பிறர் வீட்டுக்கு நகை செய்வது போன்றது. ஐந்தாண்டுக் குத்தகை பதிவான பின்னரே கடப்பாரை உள்ளே வந்தது.

சிக்கனம் எல்லா இடத்திலும் நல்லதன்று. கைகழுவும் தொட்டியின் அடிப்பெட்டிக்கு விலை குறைந்த ஒட்டுப்பலகையைத் தச்சர் பரிந்துரைத்தார். ஈரம் புழங்கும் இடத்தில் ஐ.எஸ். 303 வகையின் சாதாரணப் பலகை உப்பிப் பிரிந்துவிடும். கொதிநீரையும் தாங்கும் ஐ.எஸ். 710 வகையே அங்குத் தகும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் கூடுதல் பணம் செலவிடப்பட்டது.

ஒன்பதாம் நாள், சமையலறைத் தரைக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் முழுவதுமாக உடைந்திருந்தது தெரியவந்தது. மாற்ற 1,10,000 ரூபாய். கூடுதலாக ஆறு நாள் மூடல், 82,800 ரூபாய். எதிர்பாராச் செலவுக்கென வைத்த 2 இலட்சத்தில் எஞ்சியது 7,200. முதல் கணக்கின்படி நடந்திருந்தால் அந்த ஒன்பதாம் நாளோடு வேலை நின்றிருக்கும்.

கடை திறந்தது. கூரையில் பழைய மின்விசிறிகளே சுழல்கின்றன. எதிர்க்கடைக்குப் போன மாலைக் கூட்டம் முழுவதும் திரும்பிற்று என்று சொல்ல முடியாது. கடன் தவணை தவறவில்லை. தோசைக்கல்லருகே பழைய கை நிற்கிறது. நோட்டின் புதிய பக்கத்தில் இரண்டு பத்திகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இடப்புறம் வேண்டியவை, வலப்புறம் ஆகக்கூடியவை. பொய்க்கூரை இன்னும் இடப்புறத்தில்தான் இருக்கிறது.