வேலையை விடலாமா என்று கேட்ட தம்பிக்கு

கோவையில் நல்ல சம்பளத்தில் இருக்கும் தம்பி ஒருவன், வேலையை விட்டுவிட்டு பம்ப் உதிரிபாகப் பட்டறை போடலாமா என்று கேட்டான். போடு என்றுதான் சொன்னேன். தொழில் தெரிந்த பிள்ளை. இயந்திரத்துக்குக் கடன் கிடைத்துவிடும். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு, தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியமே உண்டு.

ஆளைச் சாய்ப்பது வராத பாக்கி. பில் போட்டுவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த மாதமே ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். சனிக்கிழமை ஆனால் கூலி. சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஆர்டர் தருகிற கம்பெனி மேலேயே எந்தப் பட்டறைக்காரர் புகார் கொடுப்பார்? மாதக்கணக்கில் காத்துக் கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

அதனால் அவனிடம் கெஞ்சிக் கேட்டேன்: பி.எஃப். பணத்தை இயந்திரத்தில் போடாதேடா. ஆறு மாதக் கூலியும் வீட்டுச் செலவும் தனிக் கணக்கில் இருக்கட்டும். ஒரே கம்பெனியை நம்பி இறங்காதே; இரண்டாவது ஆர்டர் உறுதியாகும்வரை சம்பளம் வரட்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை முதல் பில்லுக்கு முன்பே முடித்துவிடு.