தொட்டுப் பார்க்காத வைத்தியம்

எங்கம்மாவுக்கு அடி எறங்கியிருந்தது. கர்ப்பப்பை கீழே சரிந்து வருவதை எங்கள் சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். அதுவும் பொம்பளைகள் தங்களுக்குள் காதோடு காதாக. 1991இல் தம்பி பிறந்த பதினாலாம் நாளே அம்மா நடவுக்கு இறங்கினாள். பிறகு நாத்துக்கட்டு, எருக்கூடை, நெல்லுமூட்டை. 2017இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கினார்கள். அதுவும் எங்கள் நாத்தங்கால் வரைக்கும் வந்து சேரவில்லை.

பழந்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு பதினஞ்சு வருஷம் வேலை பார்த்தாள். ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா எந்த ஊரு, எந்தத் தெரு என்று கேட்டார். நாற்காலியை விட்டு எழவில்லை. "பாரம் தூக்காத, ரெஸ்ட் எடு" என்று சீட்டு எழுதினார். வெளியே வந்து அம்மா கேட்டாள்: "கூலிய யாரு குடுப்பா, இவ அப்பனா?"

பிசியோதெரபி படிக்கையில்தான் எனக்கு விளங்கியது. இடுப்புக்கூட்டின் அடியில், முன்னெலும்பிலிருந்து வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டினாற்போலத் தசை இருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் தாங்குவது அதுதான். பிரசவத்தில் அது நைந்துபோகும். ஆறுவதற்குள் பாரம் தூக்கினால் மேலும் தொய்யும். அதைப் பலப்படுத்தும் பயிற்சியைப் பற்றி அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதினார். தசைக்கு எவ்வளவு பிடிப்பிருக்கிறது என்று உறை போட்ட விரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்ப்பது பரிசோதனையின் முதல் பாடம். அந்த வகுப்பில் எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வந்தது.

அம்மாவை நானே பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "மூத்திரத்த அடக்குற மாதிரி உள்ள இழுத்துப் பிடிம்மா" என்றேன். சிரித்துவிட்டாள். "வயக்காட்டுல பொழுதுக்கும் அதத்தானடி செய்யிறோம். ஆண்டை வரப்புலயே நிப்பான், எங்க போயி ஒதுங்குறது?"

எனக்கு வாயடைத்துப் போனது. அடக்குவது வேறு, பயிற்சி வேறு. அஞ்சு எண்ணும்வரை இழுத்துப் பிடிக்கணும், அதே அளவுக்குத் தளர விடணும். மூச்சை அடக்கக் கூடாது, தொடையை இறுக்கக் கூடாது. பத்துத் தடவை, நாளைக்கு மூணு வேளை. இறுக்குவது அம்மாவுக்கு உடனே வந்துவிட்டது. தளர விடத்தான் வரவில்லை. அதைப் பழகவே மூணு வாரம் ஆனது.

மூணு மாசத்தில் இருமும்போது சிந்துவது நின்றது. எறங்கினது ஏறவில்லை. அவ்வளவு சரிந்துவிட்டால் பயிற்சி மட்டும் போதாது. உள்ளே வளையம் வைக்கணும், இல்லையென்றால் ஆபரேஷன். வளையம் போதும் என்றாள்.

போன தடவை ஊருக்குப் போனபோது, கைப்பிள்ளையோடு வந்திருந்த பக்கத்து வீட்டு மருமகளுக்குத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். "மூணு, நாலு, அஞ்சு... இப்ப வுடு. அட, வுடுடி."